எஃப்5 விசையையும் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிப்போனால் என்ன செய்வது என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வந்திருந்தது. துப்புரவு செய்யும் செயலி ஒன்றை நிறுவுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மாதச் சந்தா கட்டி இணையத்தில் இடம் வாங்குங்கள் என்று அதில் சொல்லியிருந்தார்கள். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நாமே எப்படிப் பார்ப்பது, ஒரே ஃபைல் நான்கு இடத்தில் கிடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, வேண்டியதை எப்படிப் பத்திரமாக வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது என்பது பற்றி ஒரு வரி கூட இல்லை. என் பிழைப்பே அந்த வேலைதான். அதனால் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். இடம் இருக்கும் அளவுக்கு வெளியிடுங்கள்.

கும்பகோணத்தில் நானும் என் கணவரும் ஸ்டூடியோ நடத்துகிறோம். அவர் கேமராவோடு மண்டபத்துக்குப் போவார். திரும்பி வரும் மெமரி கார்டுகளை வாங்கி, படங்களை இறக்கி, வரிசைப்படுத்தி, ஆல்பம் அச்சுக்குப் போகிறவரைக்கும் பார்ப்பது என் பொறுப்பு. ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களில் ஒரே இரவில் இரண்டு மூன்று கல்யாணத்தின் கார்டுகள் மேசைக்கு வந்துவிடும். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, கேண்டிட் எடுப்பவருக்குத் தனிக் கேமரா, சில வீட்டுக்கு ட்ரோன் என்று நாலாயிரம் ஐயாயிரம் படங்கள் சாதாரணமாகச் சேரும். இவ்வளவையும் நான் மவுஸால் இழுத்து இழுத்துப் போடுவதில்லை. டோட்டல் கமாண்டர் என்ற ஃபைல் மேனேஜரை வைத்துக்கொண்டு முழுக்க முழுக்க கீபோர்டிலேயே செய்கிறேன்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அதைத் திறந்தால் திரை இரண்டு பாதியாக இருக்கும். இடது பாதியில் ஒரு ஃபோல்டர், வலது பாதியில் இன்னொன்று. டேப் விசையைத் தட்டினால் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குப் போகலாம். எஃப்3 ஃபைலைத் திறந்து காட்டும், எஃப்4 திருத்தும், எஃப்5 நகலெடுக்கும், எஃப்6 இடம் மாற்றும், எஃப்7 புது ஃபோல்டர் உண்டாக்கும், எஃப்8 அழிக்கும். எந்த விசை எதற்கு என்பது திரையின் அடியிலேயே வரிசையாக எழுதியிருக்கும். மனப்பாடம் செய்யத் தேவையில்லை; நாலு நாள் பார்த்துப் பார்த்து அழுத்தினால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேகத்தை விட, எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண் முன்னால் தெரிவதுதான். வழக்கமான முறையில் கண்ட்ரோல் சி அழுத்தியதும் நாம் எதை எடுத்தோம் என்பது மறைந்துவிடுகிறது. நடுவில் ஒரு போன் வருகிறது. பேசிவிட்டு வந்து வேறு எதையோ காப்பி செய்கிறோம். முதலில் எடுத்தது போயே போச்சு. இரண்டு பாதி இருந்தால் எடுக்கும் இடம் இந்தப் பக்கம், போடும் இடம் அந்தப் பக்கம். எஃப்5 அழுத்தியதும் இத்தனை ஃபைல்களை இந்த ஃபோல்டருக்கு நகலெடுக்கப் போகிறேன் என்று ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் தொழிலில் 'செலக்‌ஷன்' என்று ஒரு கட்டம் உண்டு. ஃபைல் கையாளத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் வெளிப்படும். எல்லாப் படங்களையும் பென் டிரைவில் போட்டுக் கொடுப்போம். வீட்டார் உட்கார்ந்து பார்த்து, ஆல்பத்தில் வரவேண்டிய படங்களின் எண்களை எழுதி அனுப்புவார்கள். சிலர் வாட்ஸாப்பில் அனுப்புவார்கள். பெண்ணின் பெரியப்பா மாதிரி யாராவது ஒருவர் டைரித் தாளில் அழகாக எழுதி நேரிலேயே கொண்டுவந்து கொடுப்பார். முந்நூறு நானூறு எண்கள் இருக்கும். அந்த முந்நூறு படங்களை ஐயாயிரத்திலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும்.

பல ஸ்டூடியோக்களில் இன்றைக்கும் இதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? வேலைக்கு வந்த பையன் இடது கையால் கண்ட்ரோல் விசையை அமுக்கிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு படமாக கிளிக் செய்துகொண்டே போவான். பக்கத்தில் ஒருவர் எண்ணை வாசிப்பார். இருநூறாவது படத்தில் விரல் கண்ட்ரோலிலிருந்து ஒரு கணம் நழுவினால் போதும், அதுவரை தேர்ந்தெடுத்தது அத்தனையும் விட்டுப்போகும். விரல் நழுவாமல் மவுஸ் மட்டும் லேசாக நகர்ந்துவிட்டாலோ, தேர்ந்தெடுத்த படங்களுக்கெல்லாம் அதே ஃபோல்டரில் இன்னொரு நகல் முளைத்துவிடும். உங்கள் கட்டுரை சொன்ன 'இடம் நிரம்பும்' சிக்கலில் ஒரு பங்கு இப்படி வந்ததாகவே இருக்கும்.

நான் செய்வது இது. கார்டிலிருந்து இறக்கியவுடனே ஒவ்வொரு கேமராவின் படங்களுக்கும் முன்னால் அந்தக் கேமராவின் அடையாள எழுத்து ஒன்றைச் சேர்த்துவிடுவேன். ஏனென்றால் கேமராக்கள் படத்துக்கு நான்கு இலக்க எண்தான் போடுகின்றன. 9999 ஆனதும் திரும்ப 0001. ஒரே கம்பெனிக் கேமரா இரண்டு இருந்தால் ஒரே பெயரில் இரண்டு படம் வரத்தான் செய்யும். பிறகு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, கண்ட்ரோலோடு எஃப்5 அழுத்தினால் எடுத்த நேரப்படி வரிசையாகிவிடும். இதற்காகவே மண்டபத்துக்குப் புறப்படும் முன் எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்துவிடுவார் என் கணவர். அடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் எம். பெயர்களை மொத்தமாக மாற்றும் ஜன்னல் திறக்கும். இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் புதுப் பெயர் என்று மாற்றுவதற்கு முன்பே காட்டிவிடும். நான்கு இலக்க வரிசை எண் கொடுத்துவிட்டால், ஜானவாசத்தில் ஆரம்பித்து நலங்கு வரைக்கும் எல்லாக் கேமராவின் படங்களும் நடந்த வரிசையில் 0001, 0002 என்று நிற்கும். பிடிக்கவில்லை என்றால் பழைய பெயருக்கே திரும்பவும் அதிலேயே வழி உண்டு. அதற்கப்புறம்தான் வீட்டாருக்குக் கொடுக்கும் சின்ன படங்களைத் தயாரிப்பேன். மூலப் படத்துக்கும் அதற்கும் ஒரே எண்.

எண் பட்டியல் வந்ததும் நோட்பேடில் ஒரு வரிக்கு ஒரு ஃபைல் பெயராக அடித்துக்கொள்வேன். அதை மொத்தமாக காப்பி செய்துகொண்டு, டோட்டல் கமாண்டரின் மெனுவில் 'கிளிப்போர்டிலிருந்து தேர்வை ஏற்று' என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதைக் கொடுப்பேன். பட்டியலில் இருக்கும் படங்கள் அத்தனையும் ஒரே நொடியில் சிவப்பாக மாறும். திரையின் அடியில், மொத்தம் இத்தனையில் இத்தனை தேர்வாகியிருக்கிறது என்று எண்ணிக்கை வரும். பட்டியலில் 320 எண்கள் இருந்து, கீழே 318 என்று காட்டினால், இரண்டு எண்கள் தவறாகவோ இரட்டிப்பாகவோ எழுதப்பட்டிருக்கின்றன என்று அப்போதே தெரிந்துவிடும். பெரியப்பாவுக்குப் போன் செய்து கேட்டுவிடலாம். அப்புறம் எஃப்5. வேலை முடிந்தது. கையால் பொறுக்கினால் விட்டுப்போன படம் ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் தெரியும். "என் மாமியார் ஆசீர்வாதம் பண்ணின படத்தைக் காணோமே" என்று ஒரு பெண் கண்கலங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் அருமை புரியும்.

கார்டை அழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிவிடுகிறேன். தாலி கட்டிய நிமிடத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே இடது பக்கம் கார்டு, வலது பக்கம் ஹார்ட் டிஸ்க் என்று வைத்து, ஃபோல்டர்களை ஒப்பிடும் கட்டளையைக் கொடுத்து, 'உள்ளடக்கப்படி' என்பதையும் குறியிட்டுவிடுவேன். பெயரும் அளவும் ஒத்துப்போகிறதா என்பதோடு நிற்காமல், இரண்டு ஃபைலையும் முழுக்கப் படித்து ஒப்பிடும். கார்டு ரீடரோ கேபிளோ கோளாறாக இருந்து ஒரு படம் பாதியில் கெட்டிருந்தாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் சமையலைப் பார்க்கலாம். ஒப்பிட்டு முடிந்து எல்லாம் சமம் என்று வந்த பிறகுதான் எங்கள் ஸ்டூடியோவில் கார்டை ஃபார்மேட் செய்வோம். கல்யாணப் படம் என்றில்லை, வீட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள், கடைக் கணக்கை பென் டிரைவில் பேக்கப் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இது வேண்டிய பழக்கம்.

இடம் நிரம்பும் விஷயத்துக்கும் வருகிறேன். ஒரு ஃபோல்டரின் மேல் கர்சரை வைத்து ஸ்பேஸ் விசையைத் தட்டினால் அதன் அளவைக் காட்டும். ஆல்ட், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அங்கிருக்கும் எல்லா ஃபோல்டர்களின் அளவையும் ஒன்றாகக் காட்டும். அளவுப்படி வரிசைப்படுத்தினால் பெருந்தீனிக்காரன் மேலே வந்து நிற்பான். ஆல்ட் எஃப்7 தேடும் கட்டளையிலேயே ஒரே மாதிரி ஃபைல்களைத் தேடவும் வழி இருக்கிறது. இதற்கெல்லாம் துப்புரவுச் செயலி எதற்கு?

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வகைக் கருவியில் தனிச் சௌகரியம் ஒன்று உண்டு. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆல்பத்தில் பெயர் போட, பத்திரிகை அடிக்க என்று என் கீபோர்டு பாதி நேரம் தமிழ்99 முறையில்தான் இருக்கும். அந்த நிலையில் ஆங்கில எழுத்து விசைகளை நம்பியிருக்கும் மென்பொருள்கள் திண்டாட வைக்கும். ஜே, கே என்று அழுத்தி மேலும் கீழும் போகும் ஃபைல் மேனேஜர்களும் இருக்கின்றன, தமிழுக்கு மாறியிருந்தால் அந்த விசைகள் கை கொடுக்காது. எஃப்5, எஃப்6, டேப், இன்ஸர்ட் இவற்றுக்கு மொழி கிடையாது. தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் எஃப்5 நகலெடுக்கும். மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஃபோல்டர்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறேன். எஃப்7 அழுத்தி, 'மூலம்', 'சிறியவை', 'தேர்வு', 'ஆல்பம்' என்று நடுவில் ஒரு நெடுக்குக் கோடு (|) போட்டு வரிசையாக அடித்தால் நான்கு ஃபோல்டர்களும் ஒரே தட்டலில் உண்டாகும். ஒவ்வொரு கல்யாணத்தின் ஃபோல்டருக்கும் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், அப்புறம் ஊர். இப்படி வைத்தால் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். ஒரு காலத்தில் இது முடியாது. விண்டோஸில் தமிழ், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு வழியாக மட்டுமே வந்த மொழி. அதற்கு முந்தைய பழைய குறியீட்டுப் பட்டியல் எதிலும் அதற்கு இடமில்லை. யூனிகோடு தெரியாத மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். டோட்டல் கமாண்டரிலும் அப்படித்தான் இருந்தது. 2009-ல் வந்த 7.5 பதிப்பில்தான் சரியானது.

இன்னொன்றையும் தமிழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளமான லினக்ஸில், வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்ற முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் வரைதான் அனுமதி. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று. அதாவது 85 குறிகளோடு முடிந்துவிடும். 'கு' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி. மணமகன் பெயர், மணமகள் பெயர், மண்டபம், ஊர் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பெயர் வைத்தால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், லினக்ஸ் கணினிக்கு நகலெடுக்கும்போது மறுத்துவிடும். பெயர் சுருக்கமாக இருக்கட்டும்.

இந்த இரட்டைப் பாதி முறை நேற்று வந்ததில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த ஜான் சோகா என்பவர் 1984-ல் எழுதத் தொடங்கியது, 1986-ல் பீட்டர் நார்ட்டனின் நிறுவனம் வழியாக நார்ட்டன் கமாண்டர் என்ற பெயரில் வெளிவந்தது. நீலத் திரை, இரண்டு பாதி, அடியில் பத்து எஃப் விசைகள். விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலம் அது; பெரும்பாலான கணினிகளில் மவுஸே இருக்காது. மெக்சிகோவைச் சேர்ந்த மிகெல் தெ இகாசா 1994-ல் லினக்ஸ் போன்ற அமைப்புகளுக்கு மிட்நைட் கமாண்டரை எழுதினார். ரஷ்யாவில் யூஜின் ரோஷல் 1996-ல் ஃபார் மேனேஜரைக் கொண்டுவந்தார். ஃபைல்களைச் சுருக்க நாம் பயன்படுத்தும் ரார் முறையும் அவருடையதுதான். ஸ்விட்சர்லாந்தின் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-ல் வெளியிட்டது விண்டோஸ் கமாண்டர். விண்டோஸ் என்ற சொல்லுக்கு மைக்ரோசாஃப்ட் உரிமை கோரியதால் 2002-ல் டோட்டல் கமாண்டர் ஆனது. இன்றைக்கும் அவர் புதுப் பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டிருக்கிறார். 1986-ல் எஃப்5 நகலெடுத்தது, இன்றும் அதே எஃப்5 நகலெடுக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எல்லா பட்டனையும் இடம் மாற்றி வைக்கும் மென்பொருள்களுக்கு நடுவில், ஒரு முறை கற்றதை நாற்பது வருடம் வைத்துக்கொள்ள விடும் மென்பொருள் இது. அந்த மரியாதை எனக்கு இவர்கள் மேல் உண்டு.

வேண்டியதை ஒட்டவைத்துக்கொள்ள முடிவது இன்னொரு பலம். டோட்டல் கமாண்டருக்கு வெளியார் எழுதிய செருகுநிரல்கள், அதாவது கூடுதல் வசதி தரும் சின்ன நிரல்கள், ஏராளம். நான் மூன்று வகையைப் பயன்படுத்துகிறேன். ஒன்று, கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா படத்தை ஃபோட்டோஷாப் திறக்காமலே எஃப்3-யில் காட்டுகிறது. இன்னொன்று, ஃபைல் பட்டியலிலேயே கேமராவின் பெயர், எடுத்த நேரம், லென்ஸ் அளவு இவற்றைத் தனித்தனிப் பத்தியாகக் காட்டுகிறது. எந்தக் கேமராவின் கடிகாரம் முன்பின்னாக இருக்கிறது என்று அதில் பார்த்தவுடன் தெரியும். மூன்றாவது, தூரத்தில் இருக்கும் சர்வரை ஒரு டிரைவ் மாதிரி ஒரு பாதியில் திறந்து வைக்கிறது. அச்சகத்துக்கு ஆல்பம் அனுப்புவது எனக்கு இப்போது வெறும் எஃப்5தான். மிட்நைட் கமாண்டரில் எஃப்2 அழுத்தினால் வரும் மெனு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் நமக்கு வேண்டிய கட்டளையை நாமே ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம்.

காசு பற்றியும் சொல்ல வேண்டும். டோட்டல் கமாண்டர் இலவசம் இல்லை. 30 நாள் முயன்று பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். ஒரு முறை கட்டினால் பின்னால் வரும் பதிப்புகளுக்குத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. மாதச் சந்தாவுக்கு எல்லோரும் மாறிவிட்ட காலத்தில் இது பெரிய விஷயம். பணம் கட்ட இயலாத மாணவர்களுக்கு டபுள் கமாண்டர் இருக்கிறது. முற்றிலும் இலவசம், மூலநிரலும் திறந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். டோட்டல் கமாண்டரின் செருகுநிரல்களில் பலவற்றை அதுவும் ஏற்கும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியவை எத்தனையோ வீட்டில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றில் ஒரு லினக்ஸைப் போட்டு மிட்நைட் கமாண்டரைத் திறந்தால் இன்றும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். எங்கள் ஸ்டூடியோவின் பேக்கப் கணினியே அப்படிப்பட்ட பழையதொன்றுதான்.

சரி, கீபோர்டில் செய்வது கஷ்டம், அது இன்ஜினியர்களுக்கானது என்பார்கள். தமிழ்நாட்டில் இதை ஏற்கவே முடியாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இல்லாத ஊர் நம்மிடம் உண்டா? காலையில் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்து, லோயர், ஹையர் முடித்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவள்தான். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கும் விரல்கள் நம்மிடம் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அந்த விரல்களைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தவுடனே நாம் என்ன செய்கிறோம்? கையைத் தூக்கி மவுஸில் வை, பிடித்து இழு என்று சொல்லிக் கொடுக்கிறோம். டைப்ரைட்டிங் தேர்வையும் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வையும் நடத்துவது ஒரே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான். விசைகளால் ஃபைல்களைக் கையாளும் பயிற்சியை அந்தப் பாடத்தோடு சேர்த்தால், டைப்ரைட்டிங் படித்தவர்கள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பார்வை மாற்றுத்திறனாளிகளையும் இங்கே நினைக்க வேண்டும். அவர்களுக்கு மவுஸ் இருந்தும் பயனில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. தொடங்கிய மைக்கேல் கர்ரன், அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் தே இருவருமே பார்வையற்றவர்கள். அது தமிழிலும் படிக்கும். டோட்டல் கமாண்டரைப் படிப்பதற்கென்றே அதற்குள் ஒரு பகுதி எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் கல்லூரி போகும் ஒரு தம்பி, பாடங்களின் ஒலிப்பதிவுகளை அதில்தான் அடுக்கி வைத்திருக்கிறான். அவனும் நானும் ஒரே விசைகளைத்தான் அழுத்துகிறோம். ஒரு நாள் என் கணினியில் அவன் உட்கார்ந்து தன் பென் டிரைவுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபோது, நான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியது எதுவுமே இருக்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் கீபோர்டு முறையைச் சொல்லிக் கொடுத்தால், இவனைப் போன்ற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, தனிப் பாடம் என்று ஒதுக்க வேண்டிய அவசியம் அந்த அளவுக்குக் குறையும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. எஃப்8-ஐ யோசித்து அழுத்த வேண்டும். டோட்டல் கமாண்டரில் அழித்தது வழக்கமாகக் குப்பைத்தொட்டிக்குப் போகும், ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் நேராகப் போய்விடும். மிட்நைட் கமாண்டரில் குப்பைத்தொட்டியே கிடையாது, போனது போனதுதான். அப்புறம், இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் எஃப் விசைகளுக்கு ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். எஃப்5 அழுத்தினால் திரை மங்குகிறதே என்று பயப்பட வேண்டாம். எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தலாம். பல லேப்டாப்களில் எஃப்என், எஸ்கேப் இரண்டையும் சேர்த்துத் தட்டினால் பழையபடி ஆகிவிடும். முதல் வாரம் பழைய வேகம் கூட வராது. அவசர வேலை இல்லாத நாளாகப் பார்த்து ஆரம்பிப்பது நல்லது. தோற்றமும் பளபளப்பாக இருக்காது. ஐயாயிரம் படத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு குறையாகவே படாது.

தங்கள் கணினிப் பக்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். செல்போன் செயலிகளைப் பற்றியும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மாதம் ஒரு முறையாவது, டி.டி.பி. சென்டர், ஸ்டூடியோ, ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தர் மேசை, பள்ளி அலுவலகம் போன்ற இடங்களில் நாள் முழுக்கக் கணினி முன் இருப்பவர்களுக்குப் பயன்படும் பாடம் ஒன்று வரட்டும். முதல் பாடமாக டபுள் கமாண்டரை எடுத்துக்கொள்ளலாம். இலவசம் என்பதால் வாசகர் யாரும் செலவழிக்க வேண்டியிருக்காது. எஃப்3 முதல் எஃப்8 வரை எந்த விசை எதற்கு, டேப், இன்ஸர்ட், ஸ்பேஸ் என்ன செய்யும் என்று கால் பக்கத்துக்கு ஒரு அட்டவணையைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். வெட்டி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவில் இருந்தால் இன்னும் நல்லது. அட்டவணை தயாரிக்க உதவி தேவையென்றால் நான் எழுதித் தரத் தயார்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் வாசகி ஒருவர்,
கும்பகோணம்.